நிரல் ஓடியது, விடை தவறு: நிரலாக்கம் கற்கத் தொடங்குவோருக்குச் சில சொற்கள்

(நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் வாசிக்க வேண்டுகிறேன்.)

இரண்டு மாதங்களுக்கு முன் ஊரிலிருந்து ஒரு மாணவர் தொலைபேசியில் அழைத்தார். உறவு முறையில் எனக்குத் தம்பி. கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவர். ஆறு மாதங்களாகப் பைத்தான் கற்று வருவதாகவும், இரண்டு காணொளி வகுப்புகளை முடித்துச் சான்றிதழும் பெற்றுவிட்டதாகவும், எனினும் வெற்றுத் திரையின் முன் அமர்ந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை என்றும் கூறினார். பின்னர், “அக்கா, பைத்தான் எனக்கு ஒத்துவரலைன்னு நினைக்கிறேன். அடுத்து ஜாவா படிக்கட்டுமா, சி படிக்கட்டுமா?” என்று கேட்டார்.

எதுவும் வேண்டாம், அதே பைத்தானில் இன்னும் சில மாதங்கள் இரு என்றேன். அவருக்கு அந்த விடை ஏமாற்றம் அளித்திருக்க வேண்டும். அதற்கான காரணத்தைத் தொலைபேசியில் விளக்க இயலாமல் எழுதி அனுப்பினேன். அக்கடிதத்தின் விரிவே இப்பதிவு. இதே கேள்வியோடு இருப்போர் பலர் என்பதை அறிவேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மென்பொருள் பொறியாளர் அல்லள். வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் ஆய்வு மாணவி. என் ஆய்வுக்குப் பெருந்தொகையான தமிழ் உரைநடையை எண்ணிப் பகுக்க வேண்டியிருந்தமையால், முதுகலை முடித்த பின்னரே நிரலாக்கம் கற்றேன். கணினித் துறையினர் பதினெட்டு வயதில் அறிந்துகொள்வதை நான் இருபத்தாறாம் வயதில் தட்டுத்தடுமாறிக் கற்றேன். ஆதலால் மேலிருந்து அறிவுரை வழங்கும் தகுதி எனக்கில்லை. விழுந்த இடத்தைச் சுட்டிக்காட்டும் தகுதி மட்டும் உண்டு.

நான் விழுந்த இடம் இது. ஆய்வின் இரண்டாம் ஆண்டில், தமிழ்ச் சொற்களின் சராசரி நீளத்தை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலுள்ள சொற்களின் நீளத்தோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை உருவாக்கினேன். எழுத்துகளை எண்ணும் நிரலை நான் எழுதவில்லை. எங்கோ கிடைத்த ஒன்றை எடுத்து, கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டினேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. எண்கள் அழகாக வரிசையில் வந்து நின்றன. அவற்றைக் கொண்டு ஒரு முடிவையும் எழுதி, துறைக் கருத்தரங்கில் வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். கணினியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “‘அம்மா’ என்பதில் எத்தனை எழுத்து?” என்றார். மூன்று என்றேன். “உங்கள் நிரலிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்றார். அவையோர் முன்னிலையில் மடிக்கணினியில் தட்டினேன். திரையில் 5 என்று வந்தது.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்த விடை என் நிரலுக்குத் தெரியவில்லை. காரணம் எளிது. கணினியில் தமிழ் எழுத்துகளுக்குக் குறியீடு வழங்கும் ஒருங்குறி முறையில் அ, ஆ போன்ற உயிரெழுத்துகளுக்கும் க, ம போன்ற அகரமேறிய எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் ‘ம்’ என்னும் மெய்யெழுத்துக்குத் தனிக் குறியீடு இல்லை. அது ‘ம’ என்பதோடு புள்ளி சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘மா’ என்பதும் அவ்வாறே ‘ம’ என்பதோடு துணைக்கால் சேர்ந்தது. ஆகவே ‘அம்மா’ என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகள். நீளத்தைக் கேட்டால் பைத்தான் குறியீடுகளையே எண்ணிச் சொல்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கும் அது 5 என்றே விடை தரும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடாதலின் அங்கே எண்ணிக்கை சரியாக இருந்தது. தமிழ்ச் சொற்கள் மட்டும் உள்ளதைவிட நீண்டு தோன்றின. அட்டவணையும் போயிற்று, அதன்மேல் எழுப்பிய முடிவும் போயிற்று. நான்கு மாத உழைப்பை மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று.

ஒருங்குறியை அறியாமல் இருந்தது என் குற்றம் என்று நான் எண்ணவில்லை. அறியாமை எவர்க்கும் உண்டு. விடை தெரிந்த ஒரு சொல்லைக்கூட அந்த நிரலிடம் கொடுத்துப் பார்க்காமல், விடை தெரியாத பல்லாயிரம் சொற்களைக் கொடுத்தேனே, அதுவே குற்றம். நிரல் ஓடியதை நிரல் சரி என்பதற்குச் சான்றாகக் கொண்டேன். தொடக்க நிலையில் உள்ளோர் பலரும் இந்த இடத்திலேயே நிற்கிறோம் என்பது என் கருத்து. ‘ஓடுகிறதா?’ என்று கேட்பதை விட்டு, ‘என்ன விடை வரும் என்று ஓட்டுமுன் என்னால் சொல்ல முடியுமா?’ என்று கேட்கத் தொடங்கும் நாளில்தான் வளர்ச்சி தொடங்குகிறது.

தம்பியின் நிலைக்கு வருவோம். இரண்டு வகுப்புகளை முடித்தும் அவரால் ஏன் எழுத இயலவில்லை? சோம்பல் காரணமன்று; அவர் பல இரவுகள் விழித்திருந்து பார்த்தவர். என் பாட்டி மார்கழியில் சிக்குக் கோலம் போடும்போது நான் அருகில் நின்று பார்த்ததுண்டு. பார்க்கும்போது ஒவ்வொரு வளைவும் அடுத்து அப்படித்தான் போகும் என்று தோன்றும். மறுநாள் மாவைக் கையில் எடுத்தால் எந்தப் புள்ளியில் தொடங்குவது என்றே தெரியாது. ஆசிரியர் எழுதும் நிரலைப் பார்க்கும்போதும் இதுவே நிகழ்கிறது. அடுத்த வரியைத் தெரிவு செய்யும் வேலையை அவர் செய்துவிடுகிறார். நமக்கு மிஞ்சுவது தலையசைப்பது மட்டுமே. நிரலாக்கம் என்பதோ அந்தத் தெரிவுதான்.

வேறு மொழிக்குத் தாவினால் இந்தக் குறை தீராது. சி மொழி 1970களின் தொடக்கத்தில் உருவானது. பைத்தான் 1991இல் வெளிவந்தது. இடையில் எத்தனையோ மாறியிருப்பினும், மாறியில் மதிப்பை இடுவது, நிபந்தனையைச் சோதிப்பது, ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒரு வேலையைப் பெயரிட்டுத் தனியே வைப்பது ஆகிய நான்கும் இரண்டிற்கும் பொது. பைத்தானில் இந்நான்கும் கைவராதவருக்கு ஜாவாவில் கைவர வழியில்லை. புதிய மொழியின் முதல் பத்துப் பாடங்கள் எளிதாக இருப்பதால் முன்னேறுவது போன்ற ஒரு மயக்கம் மட்டும் சில வாரங்கள் இருக்கும்.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன? நான் கற்றவற்றுள் பயன்பட்டவை மூன்று.

முதலாவது, ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுதுதல்.

இது புதிய முறையன்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1963ஆம் ஆண்டு ஐபிஎம் 1620 என்னும் கணினி நிறுவப்பட்டது. நம் நாட்டில் மாணவர்கள் நிரலாக்கம் கற்ற தொடக்க இடங்களுள் அதுவும் ஒன்று. அக்காலத்தில் நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையிட வேண்டும். அட்டைக்கு 80 நெடுவரிசைகள். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி பிழையானாலும் திருத்திவிட்டு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். கணினி நேரம் அத்துணை அரிதாக இருந்ததால், நிரலைக் கையால் ஓட்டிப் பார்ப்பது, அதாவது ஒவ்வொரு வரியிலும் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கும் என்று தாளில் எழுதிப் பார்ப்பது, அக்கால வழக்கமாயிற்று. வறுமையில் பிறந்த வழக்கம்தான். ஆயினும் அதுவே சிறந்த ஆசிரியராகவும் இருந்தது. இன்று பொத்தானை அழுத்தினால் நொடியில் விடை வருகிறது. அந்த வசதியால் நாம் இழந்தது, விடை வருமுன் சிந்திக்கும் அந்தச் சிறிது நேரம்.

சில சான்றுகள் தருகிறேன். ஒவ்வொன்றையும் ஓட்டுமுன் விடையை எழுதிவையுங்கள்.

பயனரிடமிருந்து இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரல். 5, 7 என்று தட்டுகிறீர்கள். 12 வரும் என்று எழுதியிருப்பீர்கள். 57 வரும். விசைப்பலகையிலிருந்து வருவதைப் பைத்தான் எழுத்துச் சரமாகவே வாங்குகிறது. சரங்களின் இடையே கூட்டல் குறி இட்டால் ஒட்டிவிடும். எண்ணாக மாற்றிய பின்னரே கூட்ட வேண்டும்.

1 முதல் 10 வரை கூட்டும் மடக்கு. விடை 55 என்று மனக்கணக்காகவே சொல்லலாம். தொடக்கம் 1, முடிவு 10 என்று ரேஞ்ச் கட்டளைக்குக் கொடுத்தால் 45 வரும். முடிவாகக் கொடுத்த எண்ணைத் தொடாமல் அதற்கு முன்னதோடு அது நின்றுவிடுகிறது. 55 என்று முன்னரே எழுதி வைத்திராதவர், 45ஐயும் ஐயமின்றி ஏற்றிருப்பார்.

0.1 உடன் 0.2ஐக் கூட்டுங்கள். 0.3 என்று எழுதியிருப்பீர்கள். 0.30000000000000004 என்று வரும். நம் பத்தடிமான எண்முறையில் மூன்றில் ஒரு பங்கை முடிவுறும் தசமமாக எழுத இயலாதது போலவே, கணினியின் ஈரடிமான முறையில் பத்தில் ஒரு பங்கை முடிவுற எழுத இயலாது. பணக்கணக்கு எழுதுவோர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு பட்டியலுக்கு ஒரு பெயர் இட்டு, பின் அதே பட்டியலுக்குச் சமக்குறி இட்டு இரண்டாம் பெயரும் கொடுங்கள். இரண்டாம் பெயரின் வழியே ஓர் எண்ணைச் சேர்த்தால் முதற்பெயரின் பட்டியலிலும் அவ்வெண் இருக்கும். நகல் எடுத்தோம் என்று எண்ணியிருப்போம். உண்மையில் இருப்பது ஒரே பட்டியல்; பெயர்கள்தாம் இரண்டு. இலக்கணம் பயின்றோர்க்கு ஒரு பொருள் குறித்த பல சொல் என்றால் உடனே விளங்கும்.

இவை ஒவ்வொன்றிலும், கற்றல் நிகழும் இடம் நாம் எழுதிய விடைக்கும் திரையில் வந்த விடைக்கும் உள்ள இடைவெளியே. விடையை எழுதாதவருக்கு அந்த இடைவெளியே கிடையாது. ‘ஓ, அப்படியா’ என்று கடந்து போய்விடுவார். மறுவாரம் மறந்தும் விடுவார். தாம் எழுதியது பொய்யானதைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை.

இரண்டாவது, பிழைச்செய்தியைப் படித்தல்.

ஆய்வகத்தில் இளநிலை மாணவர்களுக்கு உதவும்போது நான் காண்பது இது. சிவப்பு எழுத்துகள் தோன்றியதும் பலரின் கை தானாகவே அதை அழிக்கச் செல்கிறது. பள்ளியில் சிவப்பு மை என்றால் தண்டனை என்று பழகியதன் விளைவு போலும். குறிப்பாகத் தாய்மொழி வழியில் பயின்று வந்தோரிடம் இது மிகுதி. இந்தி வழியில் பயின்ற மாணவர் ஒருவர், “ஆங்கிலம் நன்றாக வந்த பிறகே நிரலாக்கம் தொடங்குவேன்” என்று என்னிடம் கூறினார். அந்த எண்ணத்தோடு எத்தனை பேர் தொடங்காமலே இருந்துவிட்டார்களோ என்று அன்று வருந்தினேன்.

அவர்களுக்கு நான் சொல்வது: இன்றைய பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35 மட்டுமே. தொடக்கத்தில் தேவைப்படுவன அவற்றில் பாதிகூட இல்லை. மாறிகளுக்கு நீங்கள் இடும் பெயர் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்கும். ‘எண்ணிக்கை’ என்று பெயரிட்டால் குறை ஒன்றுமில்லை. நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகளும் தமிழில் இருக்கலாம். கட்டளைச் சொற்களும் தமிழிலேயே அமைந்த ‘எழில்’ என்னும் நிரலாக்க மொழியும் உண்டு. பிறரோடு சேர்ந்து பணிபுரியும் காலத்தில் ஆங்கிலப் பெயர்கள் வேண்டியிருக்கும். அதற்குள் அச்சம் போயிருக்கும்.

பிழைச்செய்தியைப் படிக்க ஓர் எளிய வழி, கடைசி வரியிலிருந்து தொடங்குவது. பைத்தானில் பிழையின் வகையும் காரணமும் அங்கேதான் இருக்கும்; நிகழ்ந்த வரியின் எண் அதற்கு மேலே இருக்கும். தொடக்க நிலையில் அடிக்கடி வருவன ஐந்தாறு வகைகளே. சின்டாக்ஸ் எரர் என்றால் வாக்கிய அமைப்பில் பிழை. பெரும்பாலும் விடுபட்ட அடைப்புக்குறி அல்லது முக்காற்புள்ளி. சில வேளைகளில் சுட்டப்படும் வரிக்கு முந்தைய வரியில் குற்றம் இருக்கும். நேம் எரர் என்றால் அப்பெயரில் எதுவும் இல்லை, எழுத்துப்பிழையாக இருக்கலாம். டைப் எரர் என்றால் சேராத இரண்டைச் சேர்க்க முயன்றிருக்கிறீர்கள், சரத்தோடு எண்ணைக் கூட்டியது போல. வேல்யூ எரர் என்றால் வகை சரி, மதிப்பு பொருந்தவில்லை. ‘ஐந்து’ என்ற சொல்லை எண்ணாக மாற்றச் சொன்னால் இது வரும். ‘௫’ என்ற தமிழ் எண்ணைக் கொடுத்தால் 5 என்று சரியாகவே மாற்றித் தரும், சோதித்துப் பாருங்கள். இன்டெக்ஸ் எரர் என்றால் பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு குறிப்பேட்டில் மூன்று நிரல்கள் இடுங்கள். வந்த செய்தி, நான் நினைத்த காரணம், உண்மையான காரணம். என் குறிப்பேட்டில் முதல் மாதம் நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. மூன்றாம் மாதம் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் இரண்டாம் நிரலும் மூன்றாம் நிரலும் ஒத்துப்போகத் தொடங்கின. பிழைகள் எந்நாளும் வரும். காரணத்தை ஊகிக்கும் திறன் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆயினும் பிழைச்செய்தி தரும் பிழைகள் இரக்கமுள்ளவை என்பதையும் சொல்ல வேண்டும். அவை நம்மை நிறுத்திச் சொல்லிவிடுகின்றன. என் ‘அம்மா’ நிரல் போன்றவை சொல்லாமலே தவறான விடையைத் தந்துவிட்டுப் போகின்றன. அவற்றைப் பிடிக்க, விடை தெரிந்த சிறு உள்ளீட்டைத் தவிர வேறு வலை இல்லை.

மூன்றாவது, விடையைச் சரிபார்க்க இயன்ற ஒரு சிறு சொந்த வேலையை எடுத்துக்கொள்ளுதல்.

என் நிரலை நானே எழுதத் தொடங்கியபோது கோப்பு, அட்டவணை எதையும் தொடவில்லை. ‘அம்மா’ என்ற ஒரே சொல். எண்ணிக்கை 0இல் தொடங்கும். ஒவ்வொரு குறியீடாகப் பார்க்க வேண்டும். அது சார்ந்து வரும் குறியா, அதாவது புள்ளியோ துணைக்கால், கொம்பு போன்றதோ என்று சோதிக்க வேண்டும். ஆம் எனில் விட்டுவிட வேண்டும், இல்லை எனில் ஒன்று கூட்ட வேண்டும். தாளில் எழுதிப் பார்த்தேன். அ, 1. ம, 2. புள்ளி, விடு. ம, 3. துணைக்கால், விடு. விடை 3. பின்னரே ஓட்டினேன். அடுத்து ‘தமிழ்’, அடுத்து ‘அஃது’. இரண்டிற்கும் 3 வந்தது. ‘பக்ஷம்’ என்பதில் இடறினேன். க்ஷ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா என்ற கேள்விக்கு நிரல் விடை சொல்லாது, ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அன்று உணர்ந்தேன். அதன் பிறகே ஒரு வாக்கியம், பின் ஒரு பத்தி, பின் ஒரு கோப்பு. மூன்று வாரங்கள் ஆயின. இரவல் நிரலை ஓட்ட மூன்று நிமிடங்களே ஆகியிருந்தன.

தம்பிக்கு வேறொரு வேலையைச் சொன்னேன். அவருடைய தாயார் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருபவர். நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி, நிலுவையின் மீது. ஒருவர் 10,000 ரூபாய் கடன் பெற்று, மாதம் 1,000 ரூபாய் அசலும் அம்மாத வட்டியும் கட்டினால் பத்து மாதங்களில் மொத்த வட்டி எவ்வளவு? இதற்கு ஒரு நிரல் எழுது, அம்மாவின் நோட்டில் உள்ள விடையோடு ஒப்பிட்டுப் பார் என்றேன். பதினைந்து வரிக்குள் அடங்கும் வேலை. ஆனால் மாறி, மடக்கு, கணக்கிடும் வரிசை ஆகியன அனைத்தும் அதற்குள் உண்டு.

இவ்விடத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கேட்போர் இருப்பீர்கள். கேட்டால் அவை நொடியில் நிரல் எழுதித் தருகின்றன. பின் ஏன் இந்தப் பாடு என்பது நியாயமான கேள்வி. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் என் கதையை எண்ணிப் பாருங்கள். எனக்குக் கிடைத்த இரவல் நிரலில் எழுத்துப்பிழை இல்லை, அது ஓடியது, தோற்றத்தில் குறையே இல்லை. கருவி தருவதும் பெரும்பாலும் அத்தகையதே. சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே மிடுக்கோடு வந்து நிற்கும். பிரித்தறியும் வேலை நம்முடையது. எழுதும் வேலை குறையக் குறைய, சரிபார்க்கும் வேலையின் மதிப்பு கூடுகிறது. முன்கணித்தும் தாளில் ஓட்டியும் பழகாதவர் அதைச் செய்ய இயலாது.

ஆகவே தொடக்க நிலையில் உள்ளோர்க்கு ஒரு வரையறையைப் பரிந்துரைப்பேன். நிரலை எழுதித் தரும்படி கருவியிடம் கேட்காதீர்கள். நீங்கள் எழுதிய நிரலின் பிழைச்செய்திக்கு விளக்கம் கேளுங்கள்; ஒரு கருத்துக்கு வேறொரு சான்று கேளுங்கள்; உங்கள் நிரல் தவறும்படியான உள்ளீடுகளைக் கேளுங்கள். அது தந்த எந்த நிரலையும் மூடிவைத்துவிட்டு மறுநாள் வெற்றுத் திரையில் நீங்களாகவே எழுத இயலுமானால் அது உங்களுடையது. இயலாவிட்டால் இரவல்.

இம்முறை மெதுவானது, வேலை தேடும் மாணவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை என்று நண்பர் ஒருவர் மறுத்தார். அவர் கூற்றில் உண்மை உண்டு. வளாகத் தேர்வு நெருங்கும் மாணவரிடம் தாளில் எழுது என்று சொல்வது எளிதாகத் தோன்றலாம். வீட்டுக்கடனும் தங்கையின் படிப்பும் காத்திருக்கும்போது, ஆற அமரக் கற்கும் உரிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சொந்தக் கணினி இல்லாமல் கல்லூரி ஆய்வகத்தில் வாரம் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் மாணவர்களையும் அறிவேன். ஆனால் அவர்களுக்கே இம்முறை மிகவும் உதவும் என்று நான் கருதுகிறேன். தாளும் பேனாவும் கணினி இல்லாத நேரத்திலும் உண்டு. ஐபிஎம் 1620இன் காலத்து மாணவர்களும் அவ்வாறே கற்றனர். ஆறு மாதம் விரைந்து கற்று எழுத இயலாமல் நிற்பதைவிட, ஆறு மாதம் மெதுவாகக் கற்று நூறு வரி நிரலைத் தானே எழுதுவது குறுகிய வழியே.

சென்ற ஞாயிறன்று தம்பி மீண்டும் அழைத்தார். அவரது நிரல் மொத்த வட்டி 450 ரூபாய் என்றதாம். அம்மாவின் நோட்டில் 550. முதலில் அம்மாவின் கணக்கில்தான் பிழை என்று எண்ணி அவரிடமே சொல்லியிருக்கிறார். அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினாராம்: முதல் மாதம் நூறு, அடுத்த மாதம் தொண்ணூறு, அதற்கடுத்து எண்பது, பத்தாம் மாதம் பத்து, கூட்டினால் 550. பிறகு தம்பி தாளை எடுத்து மாதவாரியாகத் தம் நிரலைக் கையால் ஓட்டியிருக்கிறார். முதல் மாதத்திலேயே தொண்ணூறு வந்தது. அசலைக் கழிக்கும் வரி, வட்டியைக் கணக்கிடும் வரிக்கு மேலே இருந்தது. அவ்விரு வரிகளையும் இடம் மாற்றியதும் 550 வந்துவிட்டது.

பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. நிரல் நன்றாகவே ஓடியது. ஆயினும் ஒரு கடனுக்கு 100 ரூபாய் குழுவின் கணக்கில் குறைந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தது தம்பியின் தாளும் அவர் தாயாரின் நோட்டும்.

ஜாவா, சி பற்றி அவர் இம்முறை கேட்கவில்லை. அசலை ஒரு மாதம் கட்டத் தவறியவர்களின் கணக்கை எவ்வாறு எழுதுவது என்று கேட்டார். நீயே முதலில் தாளில் எழுதிப் பார், அம்மாவிடம் கேட்டுச் சரிபார், பிறகு சொல் என்றேன்.

கற்கத் தொடங்கியுள்ள நண்பர்களுக்கு என் வேண்டுகோளும் அதுவே. இன்றிரவு உங்களிடம் உள்ள ஏதேனும் ஒரு நிரலை எடுங்கள். ஓட்டாதீர்கள். என்ன விடை வரும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மாறுபட்ட கருத்துள்ளோர் தயங்காமல் எழுதவும்; திருத்திக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.